அழித்துத் திருத்திய கணக்குகள்

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு பேருக்கு விருந்து. நாலு மணிக்கு வாலிபால் மேட்ச். திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் ஆய்வுக் குழு. இந்த மூன்றையும் ஒரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு காலை ஆறு மணிக்கே அடுப்படியில் நின்றாள் டீச்சர். பள்ளிக்கூடத்தில் அது அவள் வேலை; வீட்டில் அதுவே பெயராகிவிட்டது. மாமனார் அதை மரியாதையாகச் சொல்வார், கணவர் கேலியாகச் சொல்வார், நாத்தனார் குத்திக் காட்டுவதற்கென்றே சொல்வாள்.

"என்ன டீச்சர், வெங்காயத்துக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் எடுத்துட்டுத்தான் நறுக்குவியா?" என்று நாற்காலியில் சாய்ந்தபடியே கேட்டாள் நாத்தனார். உதவிக்கென்று முந்தாநாள் வந்து இறங்கியவள். வந்ததிலிருந்து அந்த நாற்காலிக்குத்தான் உதவி செய்துகொண்டிருந்தாள்.

"நறுக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணி."

"நாலு மணிக்குப் பந்து விளையாடப் போகணும்னு தம்பி சொன்னானே. வந்தவங்க கை கழுவறதுக்குள்ள நீ விசிலைத் தூக்கிட்டு ஓடினா நல்லாவா இருக்கும்?"

"விளையாடப் போகலை, பிள்ளைங்களுக்குக் கோச்சா போறேன். தேதி ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே முடிவானது. விருந்தை வேற நாளைக்கு வச்சுக்கலாம்னு நானும் ரெண்டு வாரமா சொல்லிட்டேதான் இருக்கேன்..."

சொன்னாள்தான். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? அவள் கணவர் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர். தெருவே அவரைப் புரொபசர் என்றுதான் அழைக்கும். இப்போது துறைத் தலைவராகவும் ஆகிவிட்டார். அதற்குத்தான் விருந்து. "சனிக்கிழமைன்னா எல்லாருக்கும் வசதி" என்றார். அந்த எல்லாரில் அவள் இல்லை.

பதினொரு வருடங்களுக்கு முன்னால் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே மாதத்தில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. அப்போது மாமியார் படுத்த படுக்கையாக இருந்தார். ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். யார் என்று ஒருவரும் கேட்கவே இல்லை. அவளே கடிதம் எழுதித் தன் இடத்தை விட்டுக்கொடுத்தாள். மாமியாரின் கடைசி நாள் வரைக்கும் பக்கத்தில் இருந்தது அவள்தான். மறுபடி அந்த இடத்தைப் பிடிக்க அவளுக்கு எட்டு வருடம் ஆயிற்று. வகுப்பு முடிந்து, மைதானம் முடிந்து, சமையல் முடிந்து மிச்சம் கிடைத்த நேரத்தில் மூன்று வருடம் எழுதினாள். ஆய்வேடு முடிந்துவிட்டது. திங்கட்கிழமை குழுவினர் மூலத் தாள்களை வாங்கி, ஆய்வேட்டில் உள்ள அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்த ஒரு படி தாண்டினால் போதும்.

அந்த மூலத் தாள்கள் அறுபத்து நான்கு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அறுபத்து நான்கு பேர், ஆளுக்கு ஐந்து பின்னக் கணக்கு, எல்லாம் பென்சிலில் போட்டது. அன்றைக்கு அவள் வகுப்பு வாசலிலேயே நின்று ஒவ்வொரு பிள்ளையிடமிருந்தும் ரப்பரை வாங்கி வைத்துக்கொண்டாள். தப்பு வந்தால் அப்படியே இருக்கட்டும், யாரும் அழிக்க வேண்டாம் என்றாள். அவளுக்கு வேண்டியது சரியான விடை இல்லை. பிள்ளைகள் எங்கே தவறுகிறார்கள், எந்த எண்ணத்தில் தவறுகிறார்கள் என்பதுதான் அவள் ஆராய்ச்சி.

குழம்பைக் கொதிக்கவிட்டு, தாள்களை வரிசைப்படுத்தலாம் என்று அலமாரியைத் திறந்தாள். பச்சைக் கோப்பு இருந்த இடம் காலியாக இருந்தது.

"என்னம்மா தேடுற? இதையா?"

மாமனார் வாசற்படியில் நின்றார். முப்பத்தாறு வருடம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் அவர் பெரிய சார். கையில் பச்சைக் கோப்பு. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"எல்லாத்தையும் முடிச்சுட்டேன்மா. முந்நூத்தி இருபது கணக்கு. ரெண்டு நாளா உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கலை. எவ்வளவு தப்பு, எவ்வளவு தப்பு... உன்கிட்ட படிச்ச பிள்ளைங்களா இப்படின்னு யாராவது கேட்டா உனக்குத்தானே அவமானம்? அதான் ஒண்ணு விடாம அழிச்சுட்டு, சரியா போட்டு வச்சிருக்கேன்."

அவள் கோப்பை வாங்கிப் பிரித்தாள். முதல் தாள்... பத்தாவது தாள்... நாற்பதாவது தாள். எல்லாவற்றிலும் அவருடைய முத்து முத்தான கையெழுத்து. ஒரு தப்புகூட மிச்சமில்லை. மூன்று வருடத்தை ஒரு ரப்பர் துடைத்துவிட்டுப் போயிருந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன மாமா செஞ்சு வச்சிருக்கீங்க... ஏன் மாமா?"

பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்ஸ்பெக்‌ஷன் வருதுன்னா நோட்டெல்லாம் சுத்தமா இருக்க வேண்டாமா? எங்க பள்ளிக்கூடத்துல அப்படித்தானே பண்ணுவோம்? யூனிவர்சிட்டிக்காரங்க பார்க்கப் போறாங்கன்னு..."

"இதை உங்ககிட்ட யார் எடுத்துக் கொடுத்தா?"

"அப்பாதான்மா," என்றாள் உள்ளே வந்த மகள். பதின்மூன்று வயதாகியும் வீட்டில் அவள் வாண்டுதான். அம்மாவின் அணியிலேயே ஆடுகிறவள். "அலமாரியிலேர்ந்து அப்பாதான் எடுத்து தாத்தாகிட்ட கொடுத்தாங்க. 'இதைத் திருத்தி வச்சுட்டீங்கன்னா சனிக்கிழமை அவளுக்குச் சாக்கு சொல்ல ஒண்ணும் இருக்காது'ன்னாங்க."

சத்தம் கேட்டுப் புரொபசர் வந்தார். பாதி முகத்தில் சவரச் சோப்பு. "என்ன கலாட்டா இது காலங்காத்தால? அப்பா இந்த வயசுல ரெண்டு நாள் உட்கார்ந்து உனக்கு உதவி பண்ணியிருக்காரு. ஒரு தேங்க்ஸ் சொல்ல வாய் வராதா உனக்கு?"

அதுவரைக்கும் அவளுக்கு அழுகைதான் வந்துகொண்டிருந்தது. தேங்க்ஸ் என்ற அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அழுகை நின்றுவிட்டது. உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு எரிந்தது. மெதுவாக எழுந்து நின்றாள்.

"ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். பதில் சொல்லுங்க. என் ஆராய்ச்சி எதைப் பத்தி?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்..."

"எதைப் பத்தி? மூணு வருஷமா உங்க பக்கத்து மேஜையில உட்கார்ந்து எழுதினேனே, அது எதைப் பத்தி?"

"ஏதோ... கணக்குப் பாடம் நடத்துறதைப் பத்தி."

"ஏதோ." அவள் சிரித்தாள், அந்தச் சிரிப்பைப் பார்த்து நாத்தனாரே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உங்க ஆராய்ச்சி எதைப் பத்தின்னு நான் சொல்லட்டுமா? பழைய துறைமுகங்கள்ல வாங்கின சுங்க வரி. முந்நூத்திப் பத்துப் பக்கம். உங்கம்மாவுக்கு மருந்து கொடுத்துட்டு வந்து உட்கார்ந்து, மூணு தடவை டைப் அடிச்சேன். அஞ்சாம் அதிகாரத்துல வருஷத்தை மாத்திப் போட்டிருந்தீங்க, அதைக் கண்டுபிடிச்சதும் நான். நன்றின்னு ஒரு பக்கம் போட்டீங்களே, ஞாபகம் இருக்கா? நூலகருக்கு நன்றி. பைண்டிங் கடைக்காரருக்கு நன்றி. அந்தப் பக்கத்தையும் நான்தாங்க டைப் அடிச்சேன்."

புரொபசர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்கச் சோப்பு மிச்சமில்லாதபோதும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பிள்ளைங்க செஞ்ச தப்புதான் என் ஆராய்ச்சி," என்றாள். "நூத்தித் தொண்ணூறு தப்பு. ஒவ்வொண்ணையும் எண்ணி அட்டவணை போட்டிருக்கேன். இப்ப பேப்பரைப் பிரிச்சா ஒண்ணுகூட இல்லை. தப்பே செய்யாத பிள்ளைங்க மேல நான் தப்பைக் கற்பனை பண்ணி எழுதினதாத்தானே நினைப்பாங்க? மாமாவுக்குத் தெரியாது, சரி. நீங்க டாக்டர் பட்டம் வாங்கினவர்தானே? மூலத் தாள்னா என்னன்னு தெரியாதா உங்களுக்கு? முதல் பக்கத்தைப் புரட்டியிருந்தா போதுமே..."

"நான் வெறும் பரீட்சைப் பேப்பர்னு நினைச்சேன்..."

"நினைச்சீங்க. கேட்கலை."

"சரி சரி, பழசையெல்லாம் கிளறாதே," என்று நாத்தனார் குறுக்கே வந்தாள். "நாலு பேர் வர்ற நேரம். அந்தப் பந்தாட்டத்தையாவது விட்டுத் தொலைச்சிருந்தா இந்தப் பேப்பரையெல்லாம் நீயே பத்திரமா வச்சிருக்கலாம். எல்லாம் எனக்கு வேணும், எதையும் விட மாட்டேன்னா இப்படித்தான் ஆகும்."

"விட்டுக்கொடுத்துப் பார்த்தாச்சு அண்ணி. ஒரு தடவை மொத்தத்தையும் விட்டுக்கொடுத்தேன். நன்றிப் பக்கத்துல பைண்டிங் கடைக்காரர் அளவுக்குக்கூட எனக்கு இடம் கிடைக்கலை." அவள் அடுப்பை அணைத்தாள். கோப்பையும் விசில் இருந்த பையையும் எடுத்துக்கொண்டாள். "நாலு பேர் தாராளமா வரட்டும். அடுப்பு அங்கதான் இருக்கு. வாண்டு, ஷூவை மாட்டிட்டு வா."

பேருந்து நிறுத்தத்தில் நின்றே, ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் நெறியாளர் அம்மாவுக்குப் போன் செய்தாள். நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"நான் உன்னை நம்புறேன்," என்றார் அவர் கேட்டு முடித்ததும். "ஆனா என் நம்பிக்கையை மேஜை மேல ஆதாரமா வைக்க முடியாதே. குழுத் தலைவர் கறாரானவர். இட்டுக்கட்டி எழுதினதுன்னு அவர் ஒரு வரி எழுதிட்டா ஆய்வேடு மட்டும் போகாது, பள்ளிக்கூடத்துல உன் வேலைக்கும் வினை வரும். ஒண்ணு செய். எதையும் மறைக்காதே. தாள் இருக்கிற நிலையிலேயே கொண்டு வா."

மறைக்க அவளிடம் என்ன இருந்தது?

மேட்ச் நாலு மணிக்குச் சரியாகத் தொடங்கியது. கோபம் இருக்கிறதே என்று ஆட்டம் காத்திருக்காது. அவள் பெஞ்சில் உட்கார்ந்து வழக்கம்போல நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். பந்தை வெளியே அடித்த பிள்ளையை அவள் திட்டுவதில்லை. பந்து எங்கே போய் விழுந்தது என்று எழுதிவைப்பாள். மறுநாள் அந்த இடத்தைக் காட்டி, ஏன் அங்கே போயிற்று என்று அந்தப் பிள்ளையையே சொல்லச் சொல்வாள். அவள் ஆராய்ச்சியே இந்தப் பெஞ்சில்தான் பிறந்தது. அதை விட்டுத் தொலைக்கச் சொல்கிறாள் நாத்தனார்.

இரண்டாவது ஆட்டம் முடிகிறபோது பெஞ்சின் மறு ஓரத்தில் யாரோ உட்காருவது தெரிந்தது. மாமனார். பேத்தி ஆடுவதைப் பார்க்கக்கூட ஒரு நாளும் அந்தப் பக்கம் வராதவர், இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். அவள் குறிப்பதை நிறுத்தவில்லை.  பிறகு அவள் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"இது என்னம்மா கணக்கு?"

"வாண்டு போட்ட சர்வீஸ்." வேண்டாவெறுப்பாகத்தான் சொன்னாள். "முதல் ஆட்டத்துல ரெண்டு போட்டா, ஒண்ணு உள்ள விழுந்துச்சு. அடுத்ததுல மூணு போட்டா, ஒண்ணு உள்ள."

"ரெண்டுல ஒண்ணு. மூணுல ஒண்ணு." விரலை மடக்கினார். "மொத்தம் அஞ்சுல ரெண்டு..."

மடக்கிய விரல் அப்படியே நின்றது. பெரியவர் மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பேப்பர்ல... அரையும் மூணுல ஒரு பங்கும் கூட்டச் சொன்னா, பாதிக்கு மேல பிள்ளைங்க அஞ்சுல ரெண்டுன்னுதானே போட்டிருந்துச்சு. கூறுகெட்டதுங்கன்னு திட்டிக்கிட்டே அழிச்சேன். இந்தக் கணக்கையா போட்டிருக்கு அதுங்க?"

"ஆமா மாமா. மைதானத்துல அது சரி. ரெண்டு சர்வீஸ், மூணு சர்வீஸ், மொத்தம் அஞ்சு சர்வீஸ். ஒரே ரொட்டியில பாதியும் மூணுல ஒரு பங்கும்னா அது சரி வராது. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு நாம யாரும் அதுங்களுக்குச் சொல்லவே இல்லை. எங்க டீம் பிள்ளைங்கதான் இந்தத் தப்பை அதிகமா செஞ்சுது. அதுதான் என் ஆராய்ச்சி."

பெரியவர் மடக்கிய விரலையே பார்த்தார். "முப்பத்தாறு வருஷம்மா... இந்த ஒரு தப்புக்கு எத்தனை பிள்ளைங்களை பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சிருப்பேன். ஒருத்தனையாவது ஏண்டா இப்படிப் போட்டேன்னு கேட்டதில்லையே நான்."

"இப்ப தெரிஞ்சு என்ன மாமா பிரயோஜனம்? எல்லாத்தையும்தான் அழிச்சுட்டீங்களே." இரக்கம் காட்ட அவளால் முடியவில்லை. மனசு முழுக்க இன்னும் கோபம்தான் இருந்தது.

"ஒரு தாளைக் கொடு."

கொடுத்தாள். அவர் அதை முகத்துக்கு நேராகப் பிடிக்கவில்லை. சாய்ந்து வரும் வெயிலுக்குப் படுக்கை வாக்கில் பிடித்து, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"பரீட்சையில காப்பியடிச்சுட்டு அழிச்சு எழுதுவானுங்க பாரு, அவனுங்களை இப்படித்தான் பிடிப்பேன். சின்னப் பிள்ளைங்க பென்சிலை அழுத்திப் பிடிக்கும். மேல இருக்கிற கரியைத்தான் நான் அழிச்சிருக்கேன். தாள்ல விழுந்த பள்ளம் அப்படியே இருக்கு. நான் எழுதினது லேசான கைதான், அதை மறைக்கலை. இதோ பாரு... கீழே அஞ்சு. மேலே ரெண்டு."

அவளும் குனிந்து பார்த்தாள். இருந்தது. அவளுடைய பதினேழாம் எண் பிள்ளையின் கோணல் ஐந்து, வெயிலில் நிழல் கட்டி நின்றது. பிள்ளைகள் அந்த மேட்சில் தோற்றுப்போனார்கள். வாண்டு வந்து "ஸாரிம்மா" என்றபோது அம்மா ஏன் தன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிழக்கு ஜன்னலுக்கு மேஜையை இழுத்துப் போட்டார்கள். பெரியவர் தாளைச் சாய்த்துப் படித்துச் சொல்வார், வாண்டு எழுதிக்கொள்வாள். டீச்சர் தன் அட்டவணையை மூடிக் கையடியில் வைத்திருந்தாள். "நான் எதையும் சொல்ல மாட்டேன் மாமா. உங்க கண்ணுக்குத் தெரியறதை மட்டும் சொல்லுங்க. கடைசியில ஒத்துப் பார்க்கலாம்." நேற்றைய விருந்து ஹோட்டல் சாப்பாட்டோடு முடிந்திருந்தது; அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. புரொபசர் நாலைந்து முறை அந்தப் பக்கமாக நடந்தார். கடைசியில் மேஜை அருகில் வந்து நின்று, "நான் ஏதாவது செய்யணுமா?" என்றார்.

"வெளிச்சத்தை மறைக்காம இருங்க, போதும்," என்றாள் அவள்.

சாயங்காலத்துக்குள் முந்நூற்று ஒன்பது கணக்குகள் கிடைத்துவிட்டன. பதினோரு இடங்களில் தாள் நைந்துபோயிருந்தது. "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிச் சொல்ல மாட்டேன்மா," என்று பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாழ்நாளில் தன் தவறு என்று அவர் எழுதிய முதல் தாள் அதுதான். எழுதிவிட்டு, "நாளைக்கு நானும் வர்றேன்" என்றார்.

திங்கட்கிழமை குழுத் தலைவர் தாள்களைப் புரட்டினார். பிறகு அட்டவணையைப் பார்த்தார். மறுபடி தாள்களைப் பார்த்தார்.

"எல்லாப் பிள்ளைங்களும் எல்லாத்தையும் சரியாவே போட்டிருக்காங்களேம்மா. நூத்தித் தொண்ணூறு தப்பை நீங்க எங்கேர்ந்து கொண்டு வந்தீங்க?"

அவள் நடந்ததைச் சொன்னாள். தலைவரின் உதட்டோரம் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டது. "மாமனார் அழிச்சுட்டார். சரி..." என்றார். அந்தச் 'சரி'யில் இருந்த நக்கல் அவள் முகத்தில் அறைந்தது. பக்கத்திலிருந்த உறுப்பினர் இருவரும் குனிந்துகொண்டார்கள். நெறியாளர் அம்மா எழுந்து கதவைத் திறந்து பெரியவரை உள்ளே அழைத்தார்.

"அழிச்சது நான்தான்," என்றார் பெரியவர் நின்றபடியே. "உட்காரச் சொல்லாதீங்க, நின்னே சொல்றேன். இந்தப் பொண்ணு வாசல்ல நின்னு ரப்பரை வாங்கி வச்சவ. வீட்டுல ஒரு ரப்பர் இருக்கும்னு அவளுக்குத் தெரியலை. நான் சொல்றதை நீங்க நம்ப வேண்டாம். நீங்களே ஒரு தாளை எடுங்க. ஜன்னல்கிட்ட வாங்க."

தலைவர் நடுவிலிருந்து ஒரு தாளை உருவினார். ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தார். சிரிப்பு உதட்டை விட்டு இறங்கியது. இன்னொன்றை உருவினார், பிறகு இன்னொன்று. அட்டவணையைக் கொண்டுவரச் சொல்லி, இருபது தாள்களை அங்கேயே நின்று ஒத்துப் பார்த்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பதினோரு கணக்கை நீக்கிடுங்க," என்றார். "பெரியவர் எழுதின கடிதத்தைப் பின்னிணைப்பா சேருங்க. சமர்ப்பிக்கலாம். இன்னொண்ணு... நான் கேட்ட விதம் சரியில்லைம்மா. மன்னிச்சுக்குங்க."

வெளியே நடைவழிக்கு வந்ததும் அவளால் அடக்க முடியவில்லை. தூணில் சாய்ந்துகொண்டு விம்மி விம்மி அழுதாள். பெரியவர் கைகூப்பினார். "என்னை மன்னிச்சிடும்மா..."

கூப்பிய கைகளை அவள் பிடித்து இறக்கிவிட்டாள். "கும்பிடாதீங்க மாமா. நீங்க எனக்காக வந்து நின்னீங்க, அதை நான் சாகறவரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா எனக்குக் கோபம் இன்னும் போகலை."

"போக வேண்டாம்," என்றார் அவரும் அழுதுகொண்டே. "அது நியாயமான கோபம். இருக்கட்டும்."

அவர்கள் வீட்டுக்குத் திரும்பியபோது நாத்தனார் ஊருக்குப் போயிருந்தாள். புரொபசர் கூடத்தில் ஆய்வேட்டின் நகலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நூறு பக்கத்துக்கு மேல் தாண்டியிருந்தது. கண் சிவந்திருந்தது.

"தலைப்பைப் படிச்சேன்," என்றார். "உள்ளேயும் படிச்சேன். நல்லா எழுதியிருக்கே. என்னோடதைவிட..." நகலின் முன்பக்கத்துக்குத் திரும்பினார். "நன்றிப் பக்கம் காலியா இருக்கே."

"இன்னும் எழுதலை. வெள்ளிக்கிழமைதான் பைண்டிங்."

"அதுல... என் பேர் வருமா?"

அவள் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தாள். "இந்த ஆராய்ச்சிக்கு நீங்க என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க. சொல்றதை அப்படியே எழுதறேன்."

புரொபசர் நகலைப் புரட்டினார். மூடினார். சுவரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அப்பா செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் செய்யலை," என்றார் கடைசியில். 

"இது சரியான பதில்," என்றாள் அவள். பேனாவை மூடி அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணிலிருந்து நீர் இறங்குவதைப் பார்த்தாள். துடைத்துவிடப் போன கையை இழுத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் நாலு நாள் இருக்கு."

மணி நாலரை. தோற்ற பிள்ளைகளுக்கு இன்று பயிற்சி. விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாண்டோடு வாசலுக்கு வந்தாள். பின்னால் அடுப்படியில் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. துறைத் தலைவர் கையில் காலி டம்ளரோடு வாசல் வரைக்கும் ஓடி வந்தார்.

"இந்தா... அரிசி எந்த டப்பால இருக்கு?"

வாண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் திரும்பிப் பார்த்தாள். பதினைந்து வருடக் குடித்தனத்தில் அவர் அடுப்படியைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. கோபம் இன்னும் அப்படியேதான் இருந்தது, ஆனாலும் கேட்டிருக்கிறார்.

"ஒவ்வொண்ணா திறந்து பாருங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.